மாசசூசெட்ஸ் சேலத்தில் வாழ்ந்தவர்களும் வாழ்கிறவர்களும்: மனத்தை விட்டு அகலாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள்

வாசற்படி எழுதியது:

அக்டோபர் நெருங்குகிறது என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஊரைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 44,000 பேர் வாழும் ஊருக்குள், 1692இல் இங்கே நடந்த சூனிய வழக்குகளின் பெயராலும் ஹாலோவீனுக்காகவும், அந்த ஒரு மாதத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோகிறார்கள் என்பதும், சனி ஞாயிறுகளில் நம் தெருவுக்குள் நம்முடைய காரைக் கொண்டுவருவதே பெரும்பாடு என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான் சொல்ல வந்தது ஒரு காலைப்பொழுதைப் பற்றி.

டெர்பி தெருவுக்கு அருகில் ஒரு பழைய மரவீட்டின் கீழ்த்தளத்தில் அப்போது வாடகைக்கு இருந்தோம். வாசலில் அந்த மரப்பலகை உண்டு. வீட்டை முதலில் வைத்திருந்தவரின் பெயர், அவர் பார்த்த தொழில், கட்டிய ஆண்டு ஆகியவை அதில் எழுதியிருக்கும். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு மாலுமி. நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது முன்கதவு திறக்கும் ஓசை கேட்டது. கணவர்தான் என்று நினைத்து நான் திரும்பவில்லை. திரும்பியபோது கணவன், மனைவி, கூம்புத் தொப்பி அணிந்த இரண்டு சிறுவர்கள் என ஒரு குடும்பமே அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தது. அந்த மனிதர் வாணலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மிகுந்த மரியாதையோடு நுழைவுச்சீட்டு எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டார். இது நாங்கள் குடியிருக்கும் வீடு என்றேன். அவருடைய மனைவி சிறிதும் கூச்சப்படாமல், அப்படியானால் பேய் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டார். சின்னவன் மிளகாய் நெடியில் தும்மத் தொடங்கியதால்தான் அவர்கள் கிளம்பினார்கள்.

அதையெல்லாம் சிரித்துக்கொண்டே மறந்திருப்பேன். வெளியே போய்க் கதவைச் சாத்திய பிறகு அந்த மனிதர் பலகையை உரக்கப் படித்துவிட்டு, "இதிலெல்லாம் ஆட்களைக் குடியிருக்க விடுகிறார்கள் போலிருக்கிறது" என்று மனைவியிடம் சொன்னது சன்னல் வழியே என் காதில் விழுந்தது. அதுதான் இன்னமும் உறுத்துகிறது. அந்த வாரமே என் கணவர், "தனியார் வீடு" என்று ஓர் அட்டை எழுதி வாசலில் மாட்டினார். அண்டை வீடுகள் எல்லாவற்றிலும் அது ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

கடம்பவனம் எழுதியது:

வாசற்படி அவர்களே, உங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். எங்களுக்கு நடந்தது தெருவில். நவராத்திரியும் அக்டோபர் கூட்டமும் ஒன்றாக வரும் ஆண்டுகளில் என்ன ஆகும் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். எசெக்ஸ் தெருவுக்கு அந்தப் பக்கம் உள்ள தோழி வீட்டுக் கொலுவுக்கு என் மாமியாரை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். சாலைகளை அடைத்திருந்ததால் வண்டி எடுக்க வழியில்லை, நடந்தோம். மாமியார் அரக்கு நிறத்தில் கடுகுக் கரை போட்ட காஞ்சிப் பட்டு உடுத்தி, இரண்டு மூக்குத்தியும் அணிந்து, குங்குமச் சிமிழ் வைத்த சிறிய வெள்ளித் தட்டைக் கையில் ஏந்தியிருந்தார். சுற்றிலும் கறுப்பு அங்கிகளும் பச்சை வண்ணம் பூசிய முகங்களும் எலும்புக்கூடுகளுமாக நெரிசல்.

ஒரு பெண்மணி வந்து, வேடம் மிக அருமையாக இருக்கிறது, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றுவிட்டார். ஒருவர் எடுத்ததும் அடுத்தவர் வந்தார். பிறகு வரிசையே உருவாகிவிட்டது. இதுவரை எல்லாமே வேடிக்கைதான். கடைசியில் எலும்புக்கூடு வேடமிட்ட ஓர் இளைஞர் படம் எடுத்துக்கொண்ட கையோடு ஒரு டாலர் நோட்டை எடுத்துக் குங்குமத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தெருவில் வேடமிட்டு நிற்பவர்களுக்கு அப்படிக் கொடுப்பது வழக்கம் என்பது எனக்குத் தெரியும். மாமியார் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன்டீ, இவன் என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்தானா, அம்மன் என்று நினைத்தானா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தோழி வீட்டில் கொலுவின் கீழ்ப்படியில், செட்டியார் பொம்மைக்கு முன்னால் அதை வைத்தார்.

சான்று எங்கே எழுதியது:

இரண்டு பதிவுகளையும் படித்தேன். சுவையாக இருக்கின்றன. ஆனால் வருகிறவர்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாம் எத்தனை பேர் சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் வாஷிங்டன் தெருவில் ஒரு வழிகாட்டி, அரை வட்டமாக நின்றவர்களிடம் சூனியக்காரிகளை எரித்த கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் தலைவர் அதை அப்படியே தம் பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள், பத்து வயது இருக்கும், "யாரையும் எரிக்கவில்லை அப்பா, தூக்கில்தான் போட்டார்கள், பள்ளியில் படித்தேன்" என்றாள். அப்பா, "அவருக்குத் தெரியாதா, நீ சும்மா இரு" என்று அவளை அடக்கினார். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆகவே எழுதிவைக்கிறேன். 1692இல் தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர். வழக்கை ஏற்றுப் பதில் சொல்ல மறுத்த ஜைல்ஸ் கோரியை மார்பின்மேல் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். குறைந்தது 5 பேர் சிறையிலேயே இறந்தார்கள். எரிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. இங்கிலாந்துச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு, நியூ இங்கிலாந்தும் அதையே பின்பற்றியது. இன்னொன்று: இந்தச் சம்பவங்கள் தொடங்கியது இப்போதைய சேலத்தில் அன்று. பாதிரியார் சாமுவேல் பாரிஸின் வீட்டில், அந்நாளில் சேலம் கிராமம் எனப்பட்ட இடத்தில், அதாவது இன்றைய டான்வர்ஸில் தொடங்கியது. 1750களில் தனி ஊராகப் பிரிந்து புதுப் பெயர் சூட்டிக்கொண்டு டான்வர்ஸ் நிம்மதியாக இருக்கிறது. பழியும் வருமானமும் சேலத்துக்கு வந்தன. நீங்கள் எல்லோரும் அக்டோபரில் டான்வர்ஸுக்குப் போய், தூக்கிலிடப்பட்டவர்களுள் ஒருவரான ரெபெக்கா நர்ஸின் பண்ணை வீட்டைப் பாருங்கள். அங்கே நெரிசல் இருக்காது.

போப் தெருவான் எழுதியது:

சான்று எங்கே அவர்கள் சொல்வது பாதிதான் சரி. தொடக்கமும் முதற்கட்ட விசாரணைகளும் பெரும்பாலும் கிராமத்தில் நடந்தன. ஆனால் நீதிமன்றம் கூடியது சேலம் நகரில், தீர்ப்புச் சொன்னது சேலம் நகரில், தூக்கிலிட்டதும் இங்கேதான். டான்வர்ஸ்மீது எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. தூக்கிலிட்ட இடத்துக்கு அடுத்த தெருவில் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நாங்கள் குடிவந்த காலத்தில் மேட்டின் உச்சியில் உள்ள பூங்காவைத்தான் தூக்குமேடு என்று எல்லோரும் காட்டுவார்கள். 2016 சனவரியில்தான் ஆய்வாளர்கள், அந்த இடம் மேலே இல்லை, கீழே மருந்துக்கடைக்குப் பின்னால் உள்ள பிராக்டர் பாறைமேடு என்று உறுதிப்படுத்தினார்கள். அவர்கள் அதைக் கண்டறிந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1692 ஆகஸ்டில் விசாரணைக்காக அழைத்துவரப்பட்ட ரெபெக்கா ஈம்ஸ் என்ற பெண், வழியில் ஒரு வீட்டில் நின்றபோது தூக்கிலிடுவதற்காகக் கூடியிருந்தவர்களைக் கண்டதாகச் சொன்னது பதிவாகியிருக்கிறது. பாஸ்டன் தெருவில் இருந்த அந்த வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியக்கூடிய இடம் எது என்று கணக்கிட்டார்கள். சிட்னி பெர்லி என்ற உள்ளூர் வரலாற்றாசிரியர் அதே இடத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அதன்பேரில் நகராட்சி 1936இல் அந்தத் துண்டு நிலத்தை வாங்கிவைத்தது. வாங்கியதையும் ஊர் மறந்துவிட்டது. அங்கே எலும்புகள் எதுவும் இல்லை. புதைக்கும் அளவுக்கு மண் ஆழமே கிடையாது என்று கருவிகள் காட்டின.

செய்தி வந்த அன்று, அந்தப் பாறையை ஒட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்த மூதாட்டியைத் தெருவில் சந்தித்தேன். சிறுமியாக இருந்தபோது அந்தச் சரிவில்தான் பனிச்சறுக்குப் பலகையில் விளையாடியவர். அவர் அதிர்ச்சியடைந்திருப்பார் என்று நினைத்து ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர், "இனி வீட்டுவரி ஏறுமா, இறங்குமா என்று உனக்குத் தெரியுமா?" என்றார். பிறகு சற்று நின்று, "அந்தச் சரிவில் விழுந்து என் தம்பி கையை முறித்துக்கொண்டான், எங்கள் அம்மா அந்த இடத்தையே சபித்தாள்" என்றார். 2017 ஜூலை 19 அன்று, ஐந்து பெண்களை ஒரே நாளில் தூக்கிலிட்டதன் 325ஆம் ஆண்டு நிறைவில், அங்கே 19 பெயர்கள் பொறித்த அரைவட்டக் கற்சுவரைத் திறந்துவைத்தார்கள். அந்த மூதாட்டி சன்னல் திரைச்சீலையை மாற்றினார். முன்பிருந்தது மெல்லியது, புதியது கனமானது.

மிளகு மூட்டை எழுதியது:

எல்லோரும் 1692லேயே நிற்கிறீர்கள். இந்த ஊரைச் செல்வச்செழிப்பாக்கிய அடுத்த நூறு ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நகராட்சியிலிருந்து வரும் வரிக் கடிதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? காவல்துறை வண்டியில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி இருக்கிறாள்; ஆனால் நகர முத்திரையில் இருப்பவர் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த சுமத்ராக்காரர். காரணம் மிளகு. ஜோனதன் கார்ன்ஸ் என்ற கப்பல் தலைவன் 1795இல் ராஜா என்ற கப்பலைச் சுமத்ராவுக்கு ஓட்டிச்சென்று, 1797இல் மிளகோடு திரும்பி வந்தான்; 700 சதவீத லாபம் என்று சொல்வார்கள். நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ தாண்டிச் சென்ற கப்பல் தலைவர்களும் சரக்கு அதிகாரிகளும் மட்டுமே சேரக்கூடிய ஒரு சங்கத்தை 1799இல் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்து குவித்த பொருள்கள்தாம் இன்றைய பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தின் வேர். சங்கத்துக்காக 1825இல் கட்டிய மண்டபம் அந்த அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருக்கிறது.

என் சம்பவம் நூலகத்தில் நடந்தது. வில்லியம் பெண்ட்லி என்ற பாதிரியார் 1819இல் இறக்கும்வரை எழுதிய நாட்குறிப்பு நான்கு தொகுதிகளாக அச்சாகியிருக்கிறது. வானிலை, சாவு, கப்பல் வரவு, ஊர்வம்பு என அதில் எல்லாம் உண்டு. மிளகு வியாபாரத்துக்காகப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1790 டிசம்பர் 29ஆம் நாள் குறிப்பில், இந்திய நாட்டவர் ஒருவரை முதன்முறையாகப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது என்று எழுதியிருந்தார். அடுத்த சொல்லைக் கண்டதும் விரல் அங்கேயே நின்றுவிட்டது: அவர் மெட்ராஸிலிருந்து வந்தவர். மிகக் கறுத்த நிறம், நீண்ட கருங்கூந்தல், சாந்தமான முகம், உயரமான, கட்டான உடல். கிபோ என்ற கப்பல் தலைவனோடு வந்தவர்; ஐரோப்பாவையும் பார்த்தவர். பெயர் இல்லை. அவருடைய முகத்தில் உணர்ச்சி எதுவும் தெரியவில்லை என்பதையும் பெண்ட்லி குறித்துவைத்திருக்கிறார்.

மார்கழி மாதம். அங்கே கூரை விளிம்பில் பனிக்கட்டி தொங்கும் பருவம். அவர் என்ன போர்த்தியிருந்தார், எந்த வீட்டின் அடுப்போரம் உட்கார்ந்திருந்தார், அவருக்குச் சோறு கிடைத்ததா, அங்கிருந்து எங்கே போனார் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும்போல் இருந்தது. உணர்ச்சி எப்படித் தெரியும், குளிரில் விறைத்துப்போயிருப்பார் என்று அந்தப் பாதிரியாரிடம் சண்டைபோடத் தோன்றியது. பெண்ட்லியின் சபையார் அவருக்குப் பின்னால் 1840களில் கட்டிக்கொண்ட தேவாலயம், பொதுத்திடலுக்கு எதிரே உள்ள செம்மண் நிறக் கட்டடம், இன்று சூனிய அருங்காட்சியகமாக இருக்கிறது. அக்டோபரில் அதன் முன் வரிசை திடலைச் சுற்றி வளைகிறது. அந்த வரிசையில் நிற்கும் நம்மவர்களைக் காணும்போதெல்லாம், உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இந்தத் தெருக்களில் உங்களுக்கு முன்பே நடந்திருக்கிறார் என்று சொல்லத் தோன்றுகிறது.

சான்று எங்கே எழுதியது:

மிளகு மூட்டை ஐயா, மிக நல்ல பதிவு. ஒரு சிறு திருத்தம். மெட்ராஸ் என்று இருப்பதால் அவர் தமிழர் என்று ஆகிவிடாது. அன்றைய மெட்ராஸில் தெலுங்கர்களும் இருந்தார்கள், துறைமுகத்துக்குப் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். "நம்மவர்" என்று எழுதும்போது கவனம் தேவை.

மிளகு மூட்டை எழுதியது:

தமிழர் என்று நான் எழுதவே இல்லை. மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். தெலுங்கராக இருந்தாலும் அவருக்குக் குளிர்ந்திருக்கும்.

தென்கரை எழுதியது:

சூனியக்காரி ஒருபுறம், கப்பல் தலைவன் ஒருபுறம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஊரில் உயிரோடு இருக்கும் மனிதர்களை யாரும் எழுதவில்லை. நான் பாயிண்ட் என்னும் பகுதியில் வசித்தேன். உங்களில் பலர் லஃபாயெட் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டீர்கள்.

அங்கே மாலுமிப் பலகைகள் கிடையாது. 1914 ஜூன் 25 அன்று ஒரு தோல் தொழிற்சாலையில் பற்றிய தீ 1,376 கட்டடங்களைத் தின்றது. 18,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். பருத்தி ஆலையும், அதில் வேலைசெய்த கனடியப் பிரெஞ்சுத் தொழிலாளர்களின் வீடுகளும் பாயிண்டில்தான் இருந்தன. அதன் பிறகு எழுப்பிய செங்கல் அடுக்குக் கட்டடங்களில்தான் இப்போது டொமினிக்கன் குடும்பங்கள் வாழ்கின்றன. 2017 முதல் அந்தச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள்; அவற்றைப் பார்ப்பதற்கென்று இப்போது ஆட்கள் வருகிறார்கள்.

முனைக்கடையில் நான் வாழைக்காய் வாங்குவதுண்டு. பாஸ்டனின் மறுபக்கம் உள்ள இந்தியக் கடைக்கு வண்டி ஓட்டிப் போனால்தான் வாழைக்காய் கிடைக்கும் என்று நினைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும். ஒருநாள் எனக்குப் பின்னால் நின்ற பாட்டி என் கையில் இருந்த காயை வாங்கி, நகத்தால் தோலைக் கீறி முகர்ந்து பார்த்துவிட்டு, அதைத் திரும்ப வைத்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். எப்படிச் சமைப்பாய் என்று கேட்டார். வேகவைத்து உதிர்த்து, கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்துப் பொடிமாஸ் செய்வோம் என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் வேகவைத்து மசித்து, மேலே வினிகரில் வதக்கிய சிவப்பு வெங்காயம் போடுவாராம். மங்கு என்று பெயர். கடுகு எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, வினிகர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

பேச்சுவாக்கில், பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் நல்ல கண்காட்சி ஒன்று நடக்கிறது, சேலம்வாசிகளுக்கு அனுமதி இலவசம், பேரப்பிள்ளைகளை அழைத்துப் போங்கள் என்றேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தைத் தினமும் பார்த்துவருகிறேன், இரவில் அங்கே துப்புரவு வேலை செய்த தங்கையைத் தவிர எங்கள் வீட்டில் யாரும் உள்ளே போனதில்லை என்றார். வருத்தமாகவோ கோபமாகவோ சொல்லவில்லை. வெங்காயத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னார். பழைமையான ஊர் என்று நாம் கொண்டாடும்போதெல்லாம் அது யாருடைய பழைமை என்ற கேள்வி எனக்கு அந்தக் கடைவாசலில் வந்தது, இன்னும் போகவில்லை.

பழைய வீட்டுப் பைத்தியம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அனுபவம் சிறியது. மக்கின்டயர் வரலாற்று வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு சன்னல் மேலே நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. பழுதுபார்க்க வந்த முதிய தச்சர் சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடியைப் பெயர்த்து, உள்ளே கையை விட்டு, கயிறு அறுந்து கிடந்த ஒரு நீண்ட இரும்புக் குண்டை வெளியே எடுத்தார். சன்னலுக்கு எடைசமன் செய்வது அந்தக் குண்டுதான். புதுக் கயிறு கட்டி உருளையில் ஓட்டியதும் ஒற்றை விரலால் சன்னல் மேலே போனது. "இதைக் கழற்றி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் சன்னல் போடச் சொல்வார்கள், கேட்காதே, இதை மறுபடி பழுதுபார்க்கலாம், அதைத் தூக்கித்தான் போட வேண்டும்" என்றார்.

இழையைப் படித்ததில் பலர் வாடகைக்கு இருப்பவர்கள் என்று தெரிகிறது. ஆகவே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவதாக, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் ஈய வண்ணப்பூச்சு பற்றிக் கேட்காமல் பழைய வீட்டில் கால்வைக்காதீர்கள். 1978க்கு முன் கட்டிய வீட்டில் அப்படிப்பட்ட குழந்தை குடியிருந்தால், ஈய ஆபத்தை நீக்கவோ கட்டுப்படுத்தவோ வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு என்பது மாசசூசெட்ஸ் சட்டம். குழந்தை இருக்கிறது என்பதற்காகவே வாடகைக்குத் தர மறுப்பதும் சட்டவிரோதம். சன்னல் உரசும் இடங்களில் உதிரும் வண்ணத்தூள்தான் முக்கிய ஆபத்து. ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாறு வேண்டாம். இரண்டாவதாக, சூடேற்றுவது எண்ணெயா, எரிவாயுவா என்று கேட்டு, சென்ற குளிர்காலத்து ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள். வெப்பக்குழாய் இரவில் சம்மட்டியால் அடிப்பதுபோல் ஓசை எழுப்பினால் பேய் என்று பயப்பட வேண்டாம். குழாய் சரியான சாய்வில் இல்லாததால் உள்ளே தண்ணீர் தேங்கி நீராவியோடு மோதுகிறது. மூன்றாவதாக, வீடு வாங்குவதாக இருந்தால், பீங்கான் குமிழ்களில் இழுத்துக் கட்டிய பழைய மின்கம்பிகள் இருக்கின்றனவா என்று பரண்வரை ஏறிப் பாருங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் தகராறு செய்யும். நான்காவதாக, வரலாற்று வட்டாரங்களில் தெருவிலிருந்து தெரியும் எந்த மாற்றத்துக்கும் முன்அனுமதி வேண்டும். வேலி, சன்னல், கூரை மட்டுமல்லாமல் கதவுக்கு என்ன நிறம் என்பதும் அதில் அடங்கும். மயிலாப்பூர் வீட்டு மஞ்சளை அடித்துவிடலாம் என்று கனவு காணாதீர்கள். ஐந்தாவதாக, பனிப்பொழிவு அவசரநிலை அறிவித்தால் தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது, இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நகராட்சியின் அடுக்கு வாகனக் காப்பகம் எங்கே என்று கோடையிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் மளிகையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். விருந்தினர் வந்தால் ரயிலில் வரச் சொல்லுங்கள். பாஸ்டன் வடக்கு நிலையத்திலிருந்து அரைமணி நேரம்தான். தரை சாய்வாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் போன வருடம் சாயாதது இந்த வருடம் சாய்ந்தால் கவலைப்படுங்கள்.

தென்கரை எழுதியது:

பைத்தியம் ஐயா, சன்னல் கதை பத்து வரி, அறிவுரை முப்பது வரி. இவை எதையும் யாரும் கேட்கவில்லை. பாயிண்டில் குடியிருந்தபோது எங்கள் கட்டடத்துக் கதவுக்கு என்ன நிறம் என்று யாரும் வந்து பார்த்ததில்லை. ஈயத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் பயனுள்ளது, அதற்கு நன்றி.

மகளின் தந்தை எழுதியது:

நானும் எழுதிவிடுகிறேன். சேலம் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்குப் பெயர் சூனியக்காரிகள் என்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. என் மகள் அங்கே கூடைப்பந்து ஆடுகிறாள். ஒருநாள் பகலில் அவளுடைய வகுப்பைப் போப் தெருவான் எழுதிய அதே நினைவுச்சுவருக்கு ஆசிரியர் அழைத்துப் போயிருக்கிறார். ஆளுக்கு ஒரு பெயரைப் படிக்க வேண்டும். இவளுக்கு ரெபெக்கா நர்ஸ். அன்று மாலையே ஆட்டம் இருந்தது. காரில் பின்னிருக்கையில் அணிச் சட்டையை மாட்டிக்கொண்டே, "அப்பா, அந்தப் பாட்டிக்கு 71 வயது. முதலில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு, நீதிபதி மறுபடி யோசிக்கச் சொன்னதும் நடுவர்கள் தீர்ப்பை மாற்றினார்களாம். ஆட்டத்தில்கூட நடுவர் அப்படி மாற்ற முடியாதே?" என்றாள். நான் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். "இந்தச் சட்டையை அவர் பார்த்தால் என்ன சொல்வார்?" என்று கேட்டாள். கழற்றிவிடுகிறாயா என்றேன். "அதெப்படி, இது என் அணி" என்று பின்னலை இறுக்கிக்கொண்டு இறங்கி ஓடினாள்.

எதிரணிப் பெற்றோர் சிலர் துடைப்பங்களை உயர்த்தி ஆட்டிக் கேலிசெய்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. யாருக்காகக் கோபப்பட்டேன் என்பதுதான் இன்னும் தெளிவாகவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு டொமினிக்கன் அம்மா, "நல்ல துடைப்பமாக இருக்கிறதே, எந்தக் கடை?" என்று அவர்களிடம் கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டார்.

அடுத்த ஆட்டம் டான்வர்ஸ் அணியோடு, வெள்ளிக்கிழமை மாலை. சான்று எங்கே அவர்கள் வருவதாக இருந்தால், எந்தப் பக்கத்து இருக்கையில் உட்காருவார் என்று முன்கூட்டியே தெரிவிக்கவும்.